பதினொன்றில் நின்ற எண்ணிக்கை

படிப்பை முடித்துச் சான்றிதழைக் கையில் வாங்கிய நீங்கள் நாலு பேர் போன மாதம் என் வீட்டுக்கு வந்து ஒரு கேள்வி கேட்டீர்கள். "ஆயாம்மா, நீங்க எத்தனையோ நர்சுகளப் பாத்திருக்கீக. முதல் வேலைக்கு எந்த மாதிரி ஆஸ்பத்திரிக்குப் போறது நல்லது?" காபி போடுகிறேன் என்று உள்ளே போனவள், நீங்கள் கிளம்புகிறவரை அடுப்படியை விட்டு வரவில்லை. நாலு பேர் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு இன்றைக்கும் வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நர்சுக்குப் படித்தவர்களுக்கு என்ன சொல்வது என்ற கூச்சம் வேறு. ஆனாலும் நீங்கள் போன பிறகு அந்தக் கேள்வி மனதில் கிடந்து அரித்துக்கொண்டே இருந்தது. எழுதினால் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை என்று தோன்றியது, எழுதுகிறேன்.

பெரிய ஆஸ்பத்திரியா சின்ன ஆஸ்பத்திரியா, மதுரையா அருப்புக்கோட்டையா என்று எனக்குத் தீர்ப்புச் சொல்லத் தெரியாது. வசந்தா என்ற நர்ஸ் தன் முதல் வேலையை எப்படித் தேர்ந்தெடுத்தாள் என்று மட்டும் தெரியும். பக்கத்தில் நின்று பார்த்தேன். பார்த்ததோடு போகவில்லை, அதில் நடந்த தப்பில் பாதி என்னுடையது.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோட்டில் ஒரு பெண் டாக்டர் ஆறு கட்டில் போட்டு ஒரு பிரசவ ஆஸ்பத்திரி நடத்தினார். நான் அங்கே ஆயா. கூட்டுவது, கழுவுவது, துணி துவைப்பது, வலி எடுத்தவள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பது எல்லாம் என் வேலை. அப்போது எனக்கு முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். இருந்த நர்ஸ் கல்யாணமாகிப் போய்விட்டார். டாக்டரம்மா தனியாகத் திண்டாடிக்கொண்டிருந்த சமயத்தில்தான் வசந்தா வந்தாள்.

பாளையம்பட்டியில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர் மகள். மதுரையில் படித்துவிட்டுப் புதிதாக வெளியே வந்திருந்தாள். மதுரையிலேயே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை கிடைத்து, அடுத்த திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லி உத்தரவும் வந்துவிட்டது. அவள் அப்பா அந்தக் கடிதத்தைக் கல்லாவுக்கு மேலே சொருகி வைத்து, கால் கிலோ பருப்பு வாங்க வந்தவர்களிடம்கூட எடுத்துக் காட்டுவாராம். நடுவில் ஒரு வாரம் சும்மா இருக்கிறாளே என்று டாக்டரம்மா அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஒரு வாரம் இருந்து பாரு வசந்தா. பிடிச்சா இரு. பிடிக்கலேன்னா திங்கக்கிழமை மதுரைக்குப் போ, நானே பஸ் ஏத்திவிடுறேன்" என்றார்.

பிடிக்க என்ன இருந்தது? மதுரையில் சம்பளம் கூட. தங்க விடுதி உண்டு. பெரிய பெரிய ஆபரேசன் பார்க்கலாம். இங்கே கொல்லைப் பக்கத்து அறையில் ஒரு கட்டில், வாரத்துக்கு ஒரு நாள் வருகிற குழாய்த் தண்ணீர், பேச்சுத்துணைக்கு வாய் திறக்காத நான். இரண்டாம் நாளே சொன்னாள். "முத்தக்கா, நான் நர்சு வேலைக்கு வந்தேனா, தண்ணி காவலுக்கு வந்தேனா?"

அந்தத் தண்ணீர்க் கதையைக் கொஞ்சம் சொன்னால்தான் தப்பு விளங்கும்.

பிரசவம் பார்க்கும்போதும் தையல் போடும்போதும் ரத்தம் ஒற்றி எடுக்க மடித்துத் தைத்த துணி வைத்திருப்போம். மாப்பு என்போம். இப்போது போல ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப் போடுகிற வசதி அப்போது இல்லை. துவைத்து, அவித்து, மறுபடி எடுப்போம். ஒரு பிரசவத்துக்குப் பன்னிரண்டு மாப்பு. மற்ற ஊர்களில் பிரசவம் முடிந்த கையோடு துவைத்துவிடுவார்கள். நம் பக்கத்தில் அது நடக்காது. மற்ற நாளில் காசு கொடுத்து வாங்குகிற வண்டித் தண்ணீர் குடிக்கவும் கை கழுவவும் கருவிகள் அவிக்கவுமே சரியாகப் போகும். அதனால் அழுக்கு மாப்புகளை ஆளுக்கு ஒரு வாளியில், கொஞ்சம் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் கலந்து ஊறப்போட்டு, கைப்பிடியில் கட்டில் நம்பர் கட்டி வைப்போம். குழாயில் தண்ணீர் வருகிற அன்று நான் மொட்டைமாடிக்குக் கொண்டுபோய்த் துவைப்பேன். துவைக்கும்போது எண்ணுவேன்.

வசந்தா படித்த இடத்தில் தையல் முடிவதற்குள் இரண்டு நர்சுகள் எதிரெதிரே நின்று எண்ணிவிடுவார்களாம். எங்களிடம் முன்னால் இருந்த நர்ஸ் தன் மனதுக்குள் எண்ணிக்கொள்வார். அவர் போன பிறகு இதை வசந்தாவிடம் எடுத்துச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. நான் வாளியோடு பக்கத்தில் நிற்பதைப் பார்த்து, முத்தக்கா எண்ணுகிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். படித்த பிள்ளை எண்ணாமலா இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். ஒருவரை ஒருவர் நம்பி இரண்டு பேருமே எண்ணவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் தனலட்சுமி என்று ஒரு பெண்ணுக்குப் பிரசவம். திருச்சுழிப் பக்கம் நிலபுலன் உள்ள குடும்பம். தாயில்லாத பிள்ளை, மாமியாரே சொந்த அத்தை என்பதால் தலைப்பிரசவத்துக்கு அந்த அம்மாளே கூட்டி வந்திருந்தார். ஆறடி உயரம் இருப்பார், குரல் அதற்கு மேலே. குழந்தை பெரிது. கிழிந்து தையல் போடும்படி ஆனது. ரத்தம் வழிந்து தையலை மறைத்ததால் உள்ளே ஒரு மாப்பை வைத்து நிறுத்திக்கொண்டு டாக்டரம்மா தையல் போட்டார். பாதியில் அடுத்த அறையில் இன்னொருத்தி வலி தாங்காமல் அலற, வசந்தா அங்கே ஓடிவிட்டு ஓடி வந்தாள். "எல்லாம் சரியா?" என்று டாக்டரம்மா கேட்டார். "சரி டாக்டர்" என்றாள். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. அன்றுதான் தனலட்சுமி வீட்டுக்குப் போகிற நாள். பிறந்தது பெண் குழந்தை. வெள்ளிக்கிழமை மகாலட்சுமி வீட்டுக்குள் வரட்டும் என்று மாமியார் வாடகைக் கார் பேசி வாசலில் நிறுத்திவிட்டார். பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் கிளம்ப வேண்டும். காலையில் தனலட்சுமிக்கு உடம்பு லேசாகச் சுட்டது. பால் கட்டுகிற சூடாக இருக்கும் என்று டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, காரியாபட்டியில் ஒரு கர்ப்பிணியைப் பார்க்கப் போய்விட்டார். பத்தரை, பதினொன்றுக்குள் திரும்பிவிடுவேன் என்று சொல்லியிருந்தார்.

நான் மாடியில் தனலட்சுமியின் மூன்றாம் நம்பர் வாளியை எடுத்துத் துவைத்துக் கொடியில் போட்டேன். பதினொன்று.

மறுபடி எண்ணினேன். பதினொன்று. வாளியைக் கவிழ்த்தேன். துவைக்கிற கல்லுக்குப் பின்னால் பார்த்தேன். மற்ற வாளிகளை எல்லாம் கொட்டி எண்ணினேன். அவற்றில் பன்னிரண்டு பன்னிரண்டாகச் சரியாக இருந்தது. படிக்கட்டு, பிரசவ அறை, கட்டிலுக்கு அடியில், குப்பைக் குழி, ஒரு இடம் விடவில்லை. கீழே கார் ஹாரன் அடித்தது.

பிள்ளைகளே, இந்த இடத்தில் என் மனதில் ஓடியதை மறைக்காமல் சொல்கிறேன். நாய் தூக்கிப் போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காற்றில் பறந்திருக்கும் என்றேன். ஈரத்துணி பறக்குமா? ஒரு ஆயா, அதுவும் நான், கார் ஏறுகிற நேரத்தில் போய் எதையாவது சொல்லி, அது பொய்யாகப் போனால் என்ன ஆகும்? சொல்லாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. என் கூச்சமே எனக்குச் சாக்காக வந்து நின்றது. அப்போது கீழிருந்து குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. தாயில்லாமல் வளர்ந்தவள் பெற்ற பிள்ளை. நான் எப்படிப் படி இறங்கினேன் என்று தெரியாது.

வசந்தா வாசலில் நின்று மருந்துச் சீட்டை மாமியாருக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். ஈரக் கையால் அவள் முழங்கையைப் பிடித்துப் படிக்கட்டுப் பக்கம் இழுத்தேன்.

"மூணாம் நம்பர் வாளியில பதினொண்ணுதான் இருக்கு."

"என்னக்கா சொல்றீக? அன்னிக்கு நீங்க எண்ணலையா?"

"நீங்க எண்ணியிருப்பீகன்னு…"

அவள் முகத்தில் ரத்தமே இல்லை. இரண்டு இரண்டு படியாக மேலே ஏறிப் போய்த் தானே எண்ணினாள். திரும்பி இறங்கும்போது ஓடவில்லை, நிதானமாக இறங்கினாள். நேராகக் காருக்குப் போனாள். பின் சீட்டில் குழந்தையோடு உட்கார்ந்திருந்த தனலட்சுமி பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டாள்.

"உள்ள ஏதும் கனமா இருக்கா? நாத்தம் ஏதும் வருதா?"

தனலட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள். "நேத்துலருந்து நாத்தமா இருக்குக்கா. எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்னு பேசாம இருந்துட்டேன். அத்தை கிட்டச் சொல்ல வெக்கமா இருந்துச்சு."

வசந்தா தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தாள். நூறைத் தாண்டியிருந்தது. கார்க் கதவை அகலத் திறந்தாள்.

"இறங்கு தாயி. இன்னிக்குப் போக வேண்டாம்."

"ஏத்தா, என்ன வெளையாடுறியா?" மாமியார் முன் சீட்டிலிருந்து இறங்கி வந்தார். "ராகுகாலம் வரப்போகுது. வீட்டுல ஆரத்தி கரைச்சு வச்சுக்கிட்டு நிக்கிறாக. டாக்டரே சீட்டு எழுதிக் குடுத்துட்டாக, நீ யாரு எறக்குறதுக்கு?"

ஒரு பொய் சொல்லியிருந்தால் போதும். டாக்டரம்மா இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்றார்கள், அவ்வளவுதான். எனக்கே அந்தப் பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வசந்தா அந்த அம்மாளை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் ஒரு தப்புப் பண்ணியிருக்கேன் பெரியம்மா. தையல் போடும்போது உள்ள வச்ச துணியில ஒண்ணக் காணோம். அது உள்ளயே இருக்குன்னு நெனைக்கிறேன். டாக்டரம்மா வந்து பாக்காம நான் அனுப்ப மாட்டேன்."

பிறகு அரை மணி நேரம் அந்த வாசலில் விழுந்த வார்த்தைகளை நான் எழுதப் போவதில்லை. தெருவே கூடிவிட்டது. "காசு குடுத்துக் கொல்லுறதுக்கா கூட்டியாந்தோம்" என்பது அதில் ரொம்ப மரியாதையான பேச்சு. வசந்தா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் ஒரு நிமிடம் சும்மா நிற்கவும் இல்லை. தனலட்சுமியை மூன்றாம் நம்பர் கட்டிலில் படுக்கவைத்தாள், நாடி பார்த்து எழுதினாள், விளக்கையும் கையுறையையும் தயாராக எடுத்து வைத்தாள், குழந்தைக்குப் பால் கொடுக்க வைத்தாள். நான் காதோரம் போய்க் கேட்டேன்.

"நீங்களே பாத்து எடுத்துறக் கூடாதா? இந்த அம்மா வாயி அடங்குமே."

கையை நீட்டிக் காட்டினாள். விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. "பச்சைத் தையல்க்கா. நடுங்குற கைய அங்க கொண்டுபோகக் கூடாது. அவுக திட்டட்டும். திட்டுனா யாரும் சாக மாட்டாக."

படித்த படிப்பு அந்த இடத்தில்தான் தெரிந்தது எனக்கு. தப்பைத் திருத்துகிற அவசரத்தில் அடுத்த தப்பைச் செய்யாமல் நிற்கத் தெரிந்தது அந்தப் பிள்ளைக்கு.

பத்து நாற்பதுக்கு டாக்டரம்மா வந்தார். வாசல் கூட்டத்தைப் பார்த்துவிட்டு வசந்தாவைப் பார்த்தார். அவள் இரண்டே வரியில் சொன்னாள். அவர் ஏன், எப்படி என்று ஒன்றும் கேட்கவில்லை. கை கழுவிக்கொண்டு உள்ளே போனார். பத்து நிமிடத்தில் மூடிய தட்டோடு வெளியே வந்தார். பன்னிரண்டாவது மாப்பு அதில் இருந்தது.

டாக்டரம்மா மாமியாருக்கு நேராகப் போய் நின்றார். "இது என் ஆஸ்பத்திரியில நடந்த தப்பு. என் கையால வச்சத நான் கேட்டு வாங்கியிருக்கணும். கேக்கல. இப்ப எடுத்தாச்சு, கழுவி மருந்து வச்சாச்சு. ரெண்டு நாள் ஊசி போடணும். பிள்ள நல்லாயிரும்."

"இப்படியே வீட்டுக்குக் கொண்டு போயிருந்தா?"

"சீழ் வச்சுக் காய்ச்சல் கண்டிருக்கும். நீங்க அங்க பிரசவக் காய்ச்சல்னு பத்தியம் போட்டுக்கிட்டு இருந்திருப்பீங்க. உசுருக்கு உத்தரவாதம் சொல்லியிருக்க முடியாது."

அந்த அம்மாள் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து வசந்தாவைக் கையசைத்துக் கூப்பிட்டார். இன்னும் என்ன பாக்கி இருக்கிறதோ என்று நானும் கூடப் போய் நின்றேன்.

"ஏத்தா, நீ சொல்லாம விட்டிருந்தா இது ஒன்னால வந்ததுன்னு எங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது பெரியம்மா."

"பெறகு ஏன் சொன்ன?"

"உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்ல."

அவர் சுவரைப் பிடித்து எழுந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு டிரைவரிடம், "போய் ஞாயித்துக்கெழம வாடா. அந்த ஆரத்தியக் கீழ ஊத்தச் சொல்லு" என்றார்.

அடுத்தது என் முறை. "எண்ணுனது யாரு?" என்று டாக்டரம்மா கேட்டதும் முன்னால் வந்து நின்றேன். வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். அவர் கேட்டது வேறு. "முத்து, நீ சத்தம் போட்டு எண்ணுவியா? இனிமே துவைக்கிற அன்னிக்கு எண்ண வேண்டாம். என் கையில ஊசி இருக்கும்போதே எண்ணு. நீ எண்ணணும், வசந்தா திருப்பிச் சொல்லணும். ரெண்டு பேர் குரலும் என் காதுல விழாம கடைசி முடிச்சப் போட மாட்டேன்."

உங்கள் கேள்விக்கு வருகிறேன். சம்பளம் கேளுங்கள், விடுதி கேளுங்கள், எத்தனை மணி நேர வேலை என்றும் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள், பிழைப்புதானே. ஆனால் அந்த ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே வேலை பார்க்கிற ஆயாவையோ சின்ன நர்சையோ தனியே பிடித்து இன்னொன்றும் கேளுங்கள். "இங்கே தப்பு நடந்தால், நடந்தது என்று சொன்னவளை என்ன செய்வார்கள்?" அவர்கள் பதில் சொல்லாமல் சுற்றுமுற்றும் பார்த்தால் அந்த இடம் வேண்டாம். கட்டடம் எத்தனை மாடியாக இருந்தாலும் வேண்டாம். ஆறு கட்டிலோ அறுநூறு கட்டிலோ, அச்சமில்லாமல் வாய் திறக்க முடிகிற இடத்தில்தான் தொழில் படியும். முதல் வேலையில் நீங்கள் தப்புச் செய்யத்தான் செய்வீர்கள். எல்லாரும் செய்தோம்.

இதைச் சொல்கிற யோக்கியதை எனக்கு எங்கிருந்து வந்தது என்றால், அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து நான் வேலையை விட்டு நிற்கிற வரைக்கும் ஒரு மாப்புகூட எங்களிடம் குறையவில்லை. தொண்ணூறுகளில் வசந்தா மதுரைக்கே போனாள், ஒரு பெரிய பிரசவ வார்டுக்குப் பொறுப்பாளராக. அங்கேயும் முதல் நாளே ஆயாக்களைக் கூப்பிட்டு வைத்து வாய்விட்டு எண்ணப் பழக்கினாள் என்று கேள்விப்பட்டேன். ஆனால் அதெல்லாம் பிறகு. அவள் எந்த வேலையைத் தேர்ந்தெடுத்தாள் என்பது மறுநாள் சனிக்கிழமைதான் முடிவானது.

அன்று காலை அவள் அப்பா டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினார். வந்ததும் வராததுமாகக் கொல்லை அறைக்குப் போய் அவளுடைய பையை எடுத்து வந்து வாசலில் வைத்தார்.

"பஸ்ஸுல ஏறுனதுமே ஒருத்தன் கேக்குறான், 'அண்ணாச்சி, ஒங்க மக துணிய வச்சுத் தச்சுட்டாளாமே'ன்னு. ஊர்ல தல காட்ட முடியல. கெளம்பும்மா. மதுரையில ஒன்னைய யாருக்கும் தெரியாது."

"அதுதான்ப்பா எனக்குப் பயமா இருக்கு."

"இதுல என்ன பயம்?"

"நான் புதுசு. அங்கயும் ஏதாச்சும் தப்பு வரும். வந்து நான் போய்ச் சொன்னா அவுக என்ன செய்வாகன்னு எனக்குத் தெரியாது. இங்க என்ன செஞ்சாகன்னு நேத்துப் பாத்துட்டேன். அந்த ஆஸ்பத்திரிக்கு அஞ்சாறு வருசம் கழிச்சுப் போறேன்ப்பா. கை நடுங்காத காலத்துல போறேன்."

"சம்பளம் பாதிதான் வரும்."

"ஆமா."

"கிறுக்குப் பிடிச்சிருச்சா ஒனக்கு?"

அவள் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து டாக்டரம்மா கூப்பிட்டார். தறி நெய்கிறவர் மனைவி ஒருத்தி வலியோடு வந்திருந்தாள். வசந்தா ஓடினாள், பின்னாலேயே நான். அவர் பையைக் கையில் தூக்கிக்கொண்டு வாசலிலேயே நின்றார். வெளி வராந்தாவில் தனலட்சுமியின் மாமியார் பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

குழந்தை சுகமாகப் பிறந்தது. இரண்டு தையல். டாக்டரம்மா கடைசி முடிச்சுக்கு முன்னால் ஊசியோடு கையை நிறுத்தினார். "ம், முத்து."

நான் வாளிக்கு மேலே குனிந்தேன். ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்தேன். ஒன்று, இரண்டு என்றது எனக்கே கேட்கவில்லை.

"காதுல விழல."

மூன்று, நான்கு. அதுவும் வாய்க்குள்ளேயே நின்றது. வெளியே வராந்தாவிலிருந்து ஒரு குரல் கதவைத் தாண்டி வந்தது. "ஏத்தா, சத்தமாத்தான் எண்ணேன்! எங்களுக்கும் கேக்கட்டும்!" கட்டிலில் கிடந்த தறிக்காரர் மனைவி அந்த வலியிலும் சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கூச்சமும் போனது. ஐந்து என்றேன். ஆறு என்றேன். ஏழு என்றபோது என் குரல் சுவரில் மோதித் திரும்பி வந்தது. அப்படி ஒரு குரல் என்னிடம் இருந்தது அன்றுவரை எனக்குத் தெரியாது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு!

"பன்னிரண்டு, சரி டாக்டர்!" என்றாள் வசந்தா, என்னை விடச் சத்தமாக.

டாக்டரம்மா முடிச்சைப் போட்டார்.

நான் வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். வசந்தாவின் அப்பா வாசலில் இல்லை. கொல்லைப் பக்கம் திரும்பினால், அவர் மகளுடைய அறைக்குள் நின்று, கட்டிலுக்கு அடியில் தூசியைத் தட்டிவிட்டு, பையை உள்ளே தள்ளி வைத்துக்கொண்டிருந்தார்.